கடிக்கும் குட்டியும் கற்பிக்கும் கையும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

இவ்வாரச் சிந்தனையின் தலைப்பைக் கண்டு உங்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். நாய்க்குட்டி கடிப்பதைப் பற்றிப் போதகர் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூடும். நடந்ததைச் சொல்லுகிறேன்.

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு குடும்பத்தார் அட்டைப்பெட்டி ஒன்றுடன் என்னிடம் வந்தார்கள். பெட்டிக்குள் இரண்டு மாதம் மதிக்கத்தக்க ஒரு செவலைக் குட்டி இருந்தது. "ஐயா, இதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. ஓயாமல் கடிக்கிறது. சின்னவள் கையெல்லாம் கீறல். கோயில் காம்பவுண்டில் விட்டுவிட்டுப் போகலாமா? வருகிறவர்கள் ஏதாவது சோறு போடுவார்கள்" என்றார் தகப்பனார். தாயார் தயக்கத்துடன், "அடித்தும் பார்த்துவிட்டோம் ஐயா. அடிக்க அடிக்க அதிகமாகத்தான் கடிக்கிறது" என்றார். அந்தச் சின்ன மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய சடை ரிப்பனின் நுனி குட்டியின் வாயில் இருந்தது. அதைப் பிடுங்கவும் அவளுக்கு மனமில்லை.

தாயார் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் நானும் அடித்தவன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு மணி என்னும் குட்டி வந்ததை நீங்கள் அறிவீர்கள். தாய் நாய் சாலையில் லாரியில் அடிபட்டு இறந்துபோக, ஐந்து வாரம்கூட நிறையாத குட்டியைச் சபையார் ஒருவர் எடுத்துவந்து எங்களிடம் கொடுத்தார். வந்த மூன்றாம் நாளே என் வேட்டியின் கரை கிழிந்தது. என் மனைவியின் முந்தானையும் பேரனின் குதிகாலும் அதற்கு விளையாட்டுப் பொருள்களாயின. பால் பற்கள் ஊசியைப் போன்றவை. அழுத்தமின்றிப் பட்டாலும் தோல் கீறும். ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் பிரசங்கத்திற்காக நான் அமர்ந்திருக்கையில், மணி என் கால்விரலை நறுக்கென்று கடித்தது. செய்தித்தாளைச் சுருட்டி அதன் மூக்கில் ஓர் அடி வைத்தேன். குட்டி வீரிட்டு மேசைக்கடியில் ஓடிற்று. "பாடம் கற்றது" என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அங்கியை அணிவதற்காகக் கையை உயர்த்தினேன். வாசற்படியில் நின்ற மணி தரையோடு தரையாக ஒடுங்கி, காதுகளை மடக்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. அது கற்ற பாடம் அதுவே. கடிக்கக் கூடாது என்பதை அது கற்கவில்லை. அன்று மாலையே பேரனின் கையை மீண்டும் கடித்தது. என் கை உயர்ந்தால் வலிக்கும் என்பதை மட்டும் கற்றிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, அதே கையை உயர்த்தித்தான் உங்களுக்கு ஆசீர்வாதம் கூறினேன். அன்று அந்தக் கை எனக்குப் பாரமாக இருந்தது.

ஆகவே, பிரியமானவர்களே, இதில் என் கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். கடிக்கிற குட்டியை அடிப்பது தவறு. கடிக்கிறது என்பதற்காக அதைத் தெருவில் விடுவது அதனினும் பெரிய தவறு. கடிப்பது குட்டியின் குற்றமன்று. கற்பிப்பது நம் கடமை.

தடுப்பூசிக்காக மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றபோது அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். குட்டிக்குப் பிறந்த மூன்றாம் வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன; மொத்தம் 28. நான்காம் மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஏறக்குறைய ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடுகின்றன. இந்தக் காலம் முழுவதும் ஈறு நமநமக்கும். மேலும், நம் குழந்தைகள் கையால் தொட்டு உலகை அறிவதுபோல் குட்டி வாயால் தொட்டு அறிகிறது. வாயில் வைப்பது அதற்கு விளையாட்டு, விசாரணை, சில வேளைகளில் அன்பின் அழைப்பு.

"எவ்வளவு அழுத்தலாம்" என்பதை அதற்கு முதலில் கற்பிப்பவர்கள் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே. இரண்டு குட்டிகள் கட்டிப்புரண்டு விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று அளவுக்கு மீறிக் கடித்தால் மற்றொன்று கத்திவிட்டு விலகிப்போகும். விளையாட்டு நின்றுவிடும். கடித்த குட்டி சற்று விழித்துவிட்டு மறுபடியும் வரும், இம்முறை மெதுவாக. இப்படி நூறு முறை நடந்த பிறகே குட்டியின் தாடை அளவறிகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்லுவதற்கு இதுவும் பொருத்தமான காரணமாகும். மணியைப் போல முன்னதாகவே பிரிந்த குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் பாதியில் மூடப்பட்டுவிட்டது. மீதிப் பாடத்தை நாமே நடத்த வேண்டும்.

எப்படி நடத்துவது? எங்கள் வீட்டில் பயன் தந்தவற்றைச் சொல்லுகிறேன்.

குட்டி அழுத்திக் கடித்த அந்த நொடியிலேயே விளையாட்டை நிறுத்துங்கள். "போதும்" என்று ஒரே சொல்லை அமைதியாகச் சொல்லி, எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தொடர்ந்து வந்து கடித்தால் அறையைவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். அரை நிமிடம் போதும். பிறகு ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வாருங்கள். பத்து நிமிடம் அடைத்துவைத்தால் எதற்காக அடைபட்டோம் என்பது குட்டிக்கு மறந்துபோகும். "கடித்தால் துணை போய்விடும், மெதுவாக இருந்தால் துணை இருக்கும்" என்னும் ஒரே செய்திதான் அதற்கு விளங்க வேண்டும். உடன்பிறந்த குட்டியைப் போல நாமும் கீச்சென்று கத்தலாம் என்று சிலர் சொல்லுவார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டு நிற்கும். மணிக்கோ அது இன்னும் உற்சாகத்தையே மூட்டியது. அமைதியே எங்களுக்குக் கைகொடுத்தது.

கடிபட்ட கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுகிற கை அதற்கு ஓடுகிற எலியைப் போன்றது, துரத்தத்தான் தூண்டும். கையைத் தளரவிட்டு அசையாமல் இருந்தால் பிடி தானே தளரும். வேட்டியையோ முந்தானையையோ பிடித்தாலும் நின்றுவிடுங்கள். நிற்கிற துணியில் அதற்குச் சுவை இல்லை.

"கடிக்காதே" என்று சொல்லுவதோடு "இதைக் கடி" என்றும் ஒன்றைக் கொடுங்கள். ரப்பர் பொம்மையோ, குளிர்ந்த கேரட் துண்டோ, முடிச்சிட்டு நனைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கனத்த துணியோ ஈறின் நமைச்சலைத் தணிக்கும். துணியைக் கடிக்கும்போது அருகில் இருங்கள். இழை இழையாகக் கிழித்து விழுங்க விடாதீர்கள். பழைய செருப்பைக் கொடுப்பது நம் வழக்கம். அது கூடாது, பழைய செருப்புக்கும் போதகரின் புதுச் செருப்புக்கும் வேறுபாடு குட்டிக்குத் தெரியாது. வெந்த எலும்பும் வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

தூங்க விடுங்கள். சிறு குட்டி ஒரு நாளில் ஏறக்குறைய 18 மணி நேரம் உறங்க வேண்டும். எங்கள் வீட்டில் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை யாராவது வந்துகொண்டிருப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் மணியின் கடியும் உச்சத்தில் இருந்தது. அது முரட்டுத்தனம் என்று நாங்கள் நினைத்தோம். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை அடம்பிடிப்பதைப் போன்றது என்று பிறகு புரிந்தது. பின்கட்டில் ஓர் அமைதியான மூலையை அதற்கு ஒதுக்கினோம். பாதிக் கடி அதிலேயே குறைந்தது.

நல்லதைக் கவனியுங்கள். கடித்தால் நாம் அனைவரும் திரும்பிப் பார்க்கிறோம். சும்மா படுத்திருந்தால் ஒருவரும் பார்ப்பதில்லை. கடிக்காமல் கையை முகர்ந்தபோதும், நக்கியபோதும், பொம்மையைத் தானாக எடுத்தபோதும் மெல்லிய குரலில் பாராட்டினோம். சில வேளைகளில் வெந்த முட்டையில் ஒரு துணுக்கு கொடுத்தோம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு: வீட்டார் அனைவரும் ஒன்றுபோல் நடப்பது. நான் விளையாட்டை நிறுத்துவேன். வாலிபர் சங்கத்துத் தம்பிமார் வந்து கையையே கொடுத்து மல்லுக்கட்டுவார்கள். குட்டிக்கு எது நியாயப்பிரமாணம்? ஒருவர் அனுமதிப்பதை மற்றொருவர் தண்டித்தால், எந்தச் சட்டமும் இல்லை என்றே அது கற்கும். ஆகையால் வருகிறவர்களுக்கும் சொல்லிவைத்தோம்: கை விளையாட்டுப் பொருள் அன்று.

முதல் வாரத்தில் கடி கூடியதுபோலத் தோன்றும், மனம் தளராதீர்கள். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது குட்டி இன்னும் ஒருமுறை பலமாக முயன்று பார்க்கும். எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. ஒரே நாளில் முடிந்துவிடவில்லை.

"அடியாத மாடு படியாது" என்று நம் முன்னோர் சொல்லவில்லையா, நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றி எழுதப்படவில்லையா என்று மூத்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். மரியாதையுடனேயே அவருக்குப் பதில் சொன்னேன். அதே நீதிமொழிகளின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், தன் வீட்டு விலங்கின் உயிரைக் கருதுவது நீதிமானின் அடையாளம் என்ற கருத்தும் இருக்கிறது. அடிக்கிற வழக்கம் பயன் தருகிறதா என்பதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மெல்லத் தட்டினால் குட்டி அதை விளையாட்டு என்று எண்ணி மீண்டும் பாய்கிறது. பலமாக அடித்தால் அஞ்சுகிறது. வாயைப் பொத்திப் பிடிப்பதும், மல்லாத்திப் போட்டு அழுத்துவதும், கையில் மிளகாய்ப்பொடி தடவுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. அஞ்சிய நாய் தற்காப்புக்காகக் கடிக்கும். உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்தும், கடிப்பதை நிறுத்தாது. அறிவிப்பின்றிக் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கமும் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நாய்ப் பயிற்சிக்கு வலியையும் அச்சத்தையும் விலக்கி, நற்செயலுக்கு வெகுமதி தரும் முறையையே பரிந்துரைத்தது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. குட்டியையும் குழந்தையையும் பெரியவர் துணையின்றித் தனியே விடாதீர்கள். குட்டி பாய்ந்து வந்தால் கத்திக்கொண்டு ஓடாமல், கைகளை மடக்கி "மரம்போல" நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். என் பேரன் இதை விளையாட்டாகவே கற்றுக்கொண்டான். உணவுக் கிண்ணத்தின் அருகே உடல் விறைத்து உறுமுகிற குட்டியோ, அச்சத்தால் கடிக்கிற குட்டியோ இருந்தால், அது விளையாட்டுக் கடி அன்று. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. "சின்னக் குட்டிதானே" என்று எண்ணித் தோல் கீறிய கடியை அலட்சியம் செய்யாதீர்கள். குட்டியிடமிருந்தும் வெறிநோய் தொற்றலாம். நோய்க்குறிகள் வெளிப்பட்ட பின் அந்நோயிலிருந்து உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. தடுப்பது மட்டுமே வழி. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ வைத்துக் கட்டாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சென்று, அவர் குறிக்கும் நாட்களில் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே போடப்படுகிறது. ஜெபியுங்கள், ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. குட்டிக்கும் மூன்று மாத அளவில் முதல் வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் தொடருங்கள்.

பிரியமானவர்களே, மணியோடு கழித்த அந்த இரண்டு மாதத்தில் கலாத்தியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் புதிதாக வாசித்தேன். பிறனைத் தன்னைப்போல் நேசிக்கும் கட்டளையை நினைப்பூட்டிய உடனேயே, பதினைந்தாம் வசனத்தில் பவுல் அச்சபையாரைக் கடுமையாக எச்சரிக்கிறார். ஒருவரையொருவர் கடித்துத் தின்றால் ஒருவராலொருவர் அழிந்துபோவீர்கள் என்பது அவருடைய எச்சரிக்கையின் பொருள். அங்கே "கடித்தல்" என்பதற்கு அவர் எடுத்த கிரேக்கச் சொல் "டாக்னோ". புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வருவதில்லை. நாயும் பாம்பும் கடிப்பதற்கு வழங்கிய அந்தச் சொல்லை, இறைமக்கள் கூடுகிற ஒரு சபையைக் குறித்து அவர் எழுத வேண்டியதாயிற்று.

அதே அதிகாரத்தின் இறுதியில் ஆவியின் கனிகளை வரிசைப்படுத்துகையில் "சாந்தம்" என்பதையும் சேர்க்கிறார். அதன் வேர்ச்சொல்லைப் பண்டைய கிரேக்கர்கள் பழக்கப்பட்டு இணங்கிய குதிரையைக் குறிக்கவும் பயன்படுத்தினார்கள். குதிரையின் பலம் குறைந்துவிடவில்லை. அந்தப் பலம் அளவறிந்து நடக்கிறது. இதைத்தான் நான் மணியிடம் கண்டேன். இன்று அதற்கு 42 பற்களும் இருக்கின்றன. முட்டைத் துணுக்கைப் பேரனின் விரல்களுக்கிடையிலிருந்து அது உதட்டால் எடுக்கிறது. பல் இல்லாதவன் கடிக்காமலிருப்பது சாந்தமன்று; பல் இருந்தும் அழுத்தாமலிருப்பதே சாந்தம்.

நம் வீடுகளில் யார் யாரைக் கடிக்கிறோம் என்பதை நான் இங்கு எழுத வேண்டியதில்லை. மருமகளின் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. மதிப்பெண் குறைந்த மகனைப் பார்த்து ஒரு வார்த்தை. கமிட்டிக் கூட்டத்தில் ஒரு வார்த்தை. அதைக் கேட்டுக் கடிபட்டவர் ஒடுங்கிவிட்டால், "பாடம் கற்றார்" என்று நாமும் எண்ணிக்கொள்ளுகிறோம். மிருகங்கள் யாவும் மனிதனால் அடங்கியிருக்க, நாவை மட்டும் அடக்க ஒருவராலும் முடியவில்லை என்று யாக்கோபு வருந்தியது எவ்வளவு உண்மை! பிள்ளைகளைக் கோபப்படுத்தி அவர்கள் மனதைத் தளர்த்திவிட வேண்டாம் என்று பவுல் தகப்பன்மாரை எச்சரித்ததும் இதனாலேயே. நம் கை உயர்கையில் வீட்டிலுள்ள சிறியவர் ஒருவர் ஒடுங்குகிறாரா என்பதை இந்த வாரம் கவனித்துப் பாருங்கள். அதுவே நம் போதனையின் மதிப்பெண்.

அந்த அட்டைப்பெட்டிக் குடும்பத்தாருக்கு வருவோம். "எனக்காக எட்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன். காம்பவுண்டில் விட்டால் சாலைக்கு ஓடும் என்பதையும் சொன்னேன். மேலே நான் எழுதியவற்றை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். மகளின் கீறல்களுக்காக அன்றே மருத்துவமனைக்குப் போகும்படியும் சொன்னேன், போனார்கள். தகப்பனார் முழுமனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியை அவர் கையில் எடுத்துக்கொண்டார். வாசலைக் கடக்கையில் குட்டி அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்தது. அவள் கையை இழுக்கவில்லை. அசையாமல் நின்று, பெரிய மனுஷியைப் போல "போதும்" என்றாள்.

இத்தகைய குட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், ஆராதனைக்குப் பின் என்னிடம் வந்து பேசுங்கள். எதையும் தெருவில் விடுவதற்கு முன் வாருங்கள்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரம தகப்பனே, கற்றுக்கொள்ள நாங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டுகளையெல்லாம் நீர் பொறுத்துக்கொண்டீர். எங்களைவிடச் சிறியவற்றைக் கற்பிக்க எங்களுக்கும் அந்தப் பொறுமையைத் தாரும். எங்கள் கைகளையும் எங்கள் வாயையும் சாந்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் போதகர்